கர்னல் வகைத்தகவலைக் கத்தரித்த கதை: தென் சென்னையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

லினக்ஸ் கர்னலின் வகைத்தகவல் என்பது, கர்னலுக்குள் உள்ள தரவுக் கட்டமைப்புகளின் பெயர், மொத்த அளவு, உறுப்புகள், ஒவ்வோர் உறுப்பும் தொடங்கும் இடம் ஆகியவற்றைப் பதிந்து வைத்திருக்கும் சிறு கோப்பாகும். ஓர் இபிபிஎஃப் நிரலுக்குத் தேவையான வரிகளை மட்டும் இந்தக் கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கும் கருவி ஒன்று 2021 அக்டோபரில் முன்மொழியப்பட்டது. ஏழு வடிவங்கள் மீளாய்வைக் கடந்தபின் 2022 பிப்ரவரியில் அது ஏற்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் வெளியான லினக்ஸ் 5.18 உடன் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. வெளிப்பார்வைக்குச் சில நூறு வரி நிரல்தான். ஆனால் அதில் ஒரு வரி பிசகினால், ஊடுருவலைக் கண்காணிக்கும் பாதுகாப்பு மென்பொருள் தவறான நினைவக இடத்தைப் படித்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாகவே அறிவிக்கும்.

முதலில் பெயர் பற்றி ஒரு குறிப்பு. இத்தகவல் வடிவத்தின் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால், ஆவணங்களைச் சேமிக்கும் பிடிஎஃப் கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடும். எனவே இக்கட்டுரை அதனை 'வகைத்தகவல்' என்றே குறிப்பிடுகிறது. பாக்கெட் வடிகட்டியிலிருந்து வளர்ந்த இயக்கமுறை 'பிபிஎஃப்' என்றும், அதன் இன்றைய விரிந்த வடிவம் 'இபிபிஎஃப்' என்றும் வழங்கப்படுகின்றன.

பெரும்பாக்கமும் இந்தப் பொருளும்

சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலையில் உள்ள பெரும்பாக்கத்துக்கு இன்று பல அடையாளங்கள் உண்டு. சதுப்புநிலம், அடுக்குமாடிக் குடியிருப்புகள், அருகிலேயே எல்காட் நிறுவனத்தின் சோழிங்கநல்லூர் சிறப்புப் பொருளாதார மண்டலம், 2022 சனவரி 12 அன்று புதிய வளாகத்தில் திறக்கப்பட்ட செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் ஆகியவை அவற்றுள் சில. இந்த வட்டாரத்தில் குடியிருப்போரில் ஒரு பகுதியினர், வேறு நாட்டு நிறுவனங்களின் வழங்கிகளை இங்கிருந்தபடியே பராமரிக்கும் வேலையில் இருப்பவர்கள். அந்த வழங்கிகளில் எந்த ஆண்டின் கர்னல் ஓடுகிறது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் வாடிக்கையாளர்தான், பராமரிப்பவர் அல்லர். பழைய கர்னலில் புதிய கண்காணிப்புக் கருவியை எப்படி ஓட்டுவது என்ற கேள்வி இதனால்தான் இங்கே புத்தகக் கேள்வியாக இல்லாமல் அன்றாடக் கேள்வியாக இருக்கிறது.

செம்மொழி நிறுவனத்தின் வேலையிலிருந்தே ஓர் ஒப்புமையும் சொல்லலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு சங்கப் பாடலைப் படிக்க ஆறு தொகுதிகளையும் சுமந்து செல்ல வேண்டியதில்லை. அந்தப் பாடலுக்கு மட்டுமான அருஞ்சொற்பொருள் இரண்டு பக்கம் போதும். ஆனால் அந்த இரண்டு பக்கத்தைத் தயாரிப்பவர் பேரகராதி முழுவதையும் பார்த்திருக்க வேண்டும், எந்தச் சொல்லையும் விட்டிருக்கவும் கூடாது. வகைத்தகவலைக் கத்தரிக்கும் கருவி செய்வதும் ஏறத்தாழ இதுவே.

இடம் மாறும் உறுப்புகள்

கர்னலில் ஓடும் ஒவ்வொரு செயல்முறைக்கும் 'டாஸ்க்_ஸ்ட்ரக்ட்' என்ற கட்டமைப்பு உண்டு. செயல்முறையின் எண், அதன் தாய்ச் செயல்முறை, நினைவகம், உரிமைகள் எனப் பல ஆயிரம் பைட்டுகள் கொண்ட பெரிய கட்டமைப்பு அது. செயல்முறையின் எண்ணைப் படிக்க விரும்பும் நிரல், கட்டமைப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் அந்த எண் இருக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். இந்த இடம் நிலையானது அன்று. கர்னல் பதிப்பு மாறினால் மாறும். ஒரே பதிப்பாக இருந்தாலும், உபுண்டுவில் தொகுத்ததற்கும் ரெட் ஹாட்டில் தொகுத்ததற்கும் அமைப்புத் தெரிவுகள் வேறுபட்டால் மாறும். சில நேரம் பெயரே மாறிவிடும்: 2021இல் வந்த லினக்ஸ் 5.14இல் இதே கட்டமைப்பின் 'ஸ்டேட்' என்ற உறுப்பு முன்னால் இரண்டு அடிக்கோடுகள் சேர்க்கப்பட்டுப் புதிய பெயர் பெற்றது. அதை நம்பியிருந்த பல கருவிகள் திருத்தப்பட வேண்டியதாயிற்று.

தவறான இடத்தைப் படித்தால் நிரல் நொறுங்கிவிடும் என்று மாணவர்கள் பலர் எண்ணுகிறார்கள். நொறுங்கினால் நல்லது, தெரிந்துவிடும். பெரும்பாலும் அது நொறுங்காது. வேறோர் உறுப்பின் மதிப்பை எண்ணாக எடுத்துக்கொண்டு தொடர்ந்து ஓடும். இந்த வரலாற்றில் வரும் எல்லா முயற்சிகளும் இந்த அமைதியான தவறைத் தவிர்ப்பதற்காகச் செய்யப்பட்டவை.

பெங்களூரில் எழுதப்பட்ட அடித்தளம்

ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை நிறுத்தாமல் அதற்குள் எட்டிப்பார்க்கும் வழிகளில் முதன்மையானது 'கேப்ரோப்ஸ்'. 2004 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 2.6.9இல் அது இணைந்தது. கர்னலின் மூல நிரலில் அக்கோப்பின் தலைப்பைத் திறந்து பார்த்தால், 2002 அக்டோபரில் அதை முதலில் உருவாக்கியவர் என வம்சி கிருஷ்ணாவின் பெயரும், பின்னர் விரிவாக்கியோர் என பிரசன்னா பஞ்சமுகி, சுபர்ணா பட்டாச்சார்யா ஆகியோரின் பெயர்களும் இருக்கும். மூவரும் ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியப் பிரிவினர். பயனர் நிரல்களுக்குள் இதே போல் எட்டிப்பார்க்க உதவும் 'யூப்ரோப்ஸ்' 2012இல் லினக்ஸ் 3.5இல் சேர்ந்தது, அதன் முதன்மை ஆசிரியர்களில் ஒருவரான ஸ்ரீகர் துரோணம்ராஜுவும் ஐபிஎம் இந்தியாவைச் சேர்ந்தவர். இன்றைய இபிபிஎஃப் கண்காணிப்புக் கருவிகள் பெரும்பாலும் இந்த இரண்டு கொக்கிகளில்தான் மாட்டப்படுகின்றன. இந்தியப் பங்களிப்பு என்றதும் பயன்பாட்டு மென்பொருளை மட்டும் நினைப்போர் அந்தக் கோப்பை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அதே ஆண்டுகளில் தென் சென்னையில் நடந்தது வேறு வகை வேலை. குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் தொடங்கிய எம்ஐடி கல்லூரி வளாகத்தில் இயங்கும் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சிடாக் சென்னைக் கிளையும் சேர்ந்து, 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. டெபியனை அடியாகக் கொண்ட 'பாஸ்' லினக்ஸ் அந்த முயற்சியில் 2007இல் வெளிவந்தது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கட்டற்ற மென்பொருள் விருப்பப் பாடமாக நுழைந்ததற்கும் இந்த மையமே காரணம். பெங்களூரில் கர்னலின் உட்பகுதி. குரோம்பேட்டையில் மொழி, மேசைக் கணினி, கல்வி. இரண்டும் தேவையானவையே. ஆயினும் தமிழில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் வரலாறுகள் இரண்டாவதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. முதலாவதைத் தொடுவதே இல்லை.

ட்வார்ஃபின் எடை

கேப்ரோப்ஸ் ஒரு முகவரியில் நிற்க மட்டுமே உதவும். அங்கே எந்தக் கட்டமைப்பு எப்படி அமைந்துள்ளது என்று அது சொல்லாது. அதைச் சொல்வதற்குத் தொகுப்பி எழுதித்தரும் பிழைதிருத்தத் தகவல் வேண்டும். யுனிக்ஸ் உலகில் அதற்கான வடிவம் 'ட்வார்ஃப்'. 1980களில் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் சிஸ்டம் ஐந்துக்காக உருவான அது, 2017இல் ஐந்தாம் பதிப்பை எட்டியது. நிரலின் ஒவ்வொரு வரியையும் மாறியையும் விளக்கும் அளவுக்கு விரிவானது. அதனாலேயே மிகவும் கனமானது. 2005இல் தொடங்கிய 'சிஸ்டம்டேப்' கருவியைப் பயன்படுத்த, கர்னலுக்குரிய பிழைதிருத்தப் பொதியைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. உற்பத்தி வழங்கியில் அதை நிறுவ நிர்வாகிகள் எளிதில் சம்மதிப்பதில்லை.

சன் நிறுவனத்தின் சோலாரிஸ் இதற்கு ஏற்கெனவே ஒரு விடை கண்டிருந்தது. சி மொழியின் வகைகளை மட்டும் சுருக்கமாகப் பதியும் 'சிடிஎஃப்' என்ற வடிவம் அது. 2005இல் வெளியான சோலாரிஸ் 10இல் 'டிடிரேஸ்' கருவி அதைச் சார்ந்தே இயங்கியது. லினக்ஸ் பக்கத்தில் அர்னால்டோ கார்வால்யோ டி மெலோ 'பாஹோல்' என்ற கருவியை எழுதி 2007இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் விளக்கினார். கட்டமைப்புகளுக்குள் வீணாகும் இடைவெளிகளைக் காட்டுவதே அதன் முதல் வேலை. பத்தாண்டுக்குப் பின் வேறொரு பெரிய பணி அதற்கு வந்து சேரும் என்று அப்போது யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கிடையே பிபிஎஃப் உருமாறியிருந்தது. ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் 1993இல் வெளியிட்ட பாக்கெட் வடிகட்டியை, அலெக்ஸி ஸ்டாரோவாய்டோவ் 2014இல் கர்னலுக்குள் ஓடும் பொதுவான சிறு இயந்திரமாக விரித்தார். 2015இல் லினக்ஸ் 4.1இலிருந்து அதைக் கேப்ரோப்ஸுடன் இணைக்க முடிந்தது. அக்காலக் கருவித்தொகுப்பான 'பிசிசி', இலக்குக் கணினியிலேயே கிளாங் தொகுப்பியை இயக்கி, அந்தக் கர்னலின் தலைப்புக் கோப்புகளைக் கொண்டு நிரலை அங்கேயே தொகுத்தது. இடப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஒவ்வொரு வழங்கியும் ஒரு தொகுப்பியைச் சுமக்க வேண்டியதாயிற்று.

மார்ட்டின் லாவ் எழுதிய வகைத்தகவல் வடிவம் 2018இல் லினக்ஸ் 4.18இல் சேர்ந்தது. கர்னல் முழுவதுக்கும் அதைப் பயன்படுத்த ஒரு தடை இருந்தது: ஆயிரக்கணக்கான மூலக்கோப்புகள் ஒவ்வொன்றும் அதே கட்டமைப்பைத் திரும்பத் திரும்ப விவரிக்கும். ஆந்த்ரி நக்ரைகோ அந்த இரட்டிப்புகளை அடையாளம் கண்டு ஒன்றாக்கும் வழிமுறையை எழுதினார். 2018 இறுதியில் அவர் தந்த கணக்கின்படி 124 மெகாபைட் ட்வார்ஃப் தகவல் 1.5 மெகாபைட்டாகச் சுருங்கியது. பாஹோல் அந்த மாற்றத்தைச் செய்யும் கருவியாயிற்று. 2019இல் லினக்ஸ் 5.2 முதல் கர்னலைத் தொகுக்கும்போதே இத்தகவலை அதனுள் பொதிய முடிந்தது.

இதன்மேல் எழுந்ததே 'கோ-ரீ' முறை: ஒருமுறை தொகு, எங்கும் ஓட்டு. நிரலைத் தொகுக்கும்போது கிளாங், 'இந்தக் கட்டளை இந்தக் கட்டமைப்பின் இந்த உறுப்பை நாடுகிறது' என்று ஒரு சிறு குறிப்பை உடன் எழுதிவைக்கும். ஓடும் கணினியில் 'லிப்பிபிஎஃப்' நூலகம் அந்தக் குறிப்பை அங்குள்ள கர்னலின் வகைத்தகவலோடு ஒப்பிட்டு, சரியான இடத்தைக் கட்டளைக்குள் பொருத்தும். இலக்குக் கணினியில் தொகுப்பியும் வேண்டாம், தலைப்புக் கோப்புகளும் வேண்டாம்.

வகைத்தகவல் இல்லாத கர்னல்கள்

ஆனால் கர்னல் வகைத்தகவலைத் தர வேண்டும். உபுண்டு 20.10, டெபியன் 11, ரெட் ஹாட் 8.2 ஆகியவற்றிலிருந்துதான் அது வழக்கமாயிற்று. உபுண்டு 18.04இன் 4.15 கர்னலிலும், உபுண்டு 20.04 முதலில் கொண்டிருந்த 5.4 கர்னலிலும், 2014இல் வெளிவந்து 2024 சூன் வரை பராமரிக்கப்பட்ட ரெட் ஹாட் 7இன் 3.10 கர்னலிலும் அது இல்லை. வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு போன்ற துறைகளின் வழங்கிகள் இத்தகைய நீண்டகாலப் பதிப்புகளில்தான் வருடக்கணக்கில் ஓடும்.

அக்வா செக்யூரிட்டி நிறுவனத்தில் பணியாற்றிய ரஃபேல் டேவிட் டினோகோ 2021இல் தொடங்கிய வகைத்தகவல் களஞ்சியம் இந்த இடைவெளியை அடைக்க முயன்றது. பழைய கர்னல்களின் பிழைதிருத்தப் பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பாஹோல் வழியாக மாற்றி, அது சேமித்து வைத்தது. ஒரு கோப்பு சில மெகாபைட்தான். ஆனால் கர்னல் பதிப்புகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், எல்லாவற்றையும் கருவியோடு சேர்த்து அனுப்பினால் சுமை கிகாபைட் கணக்கில் போகும். தேவையானதை மட்டும் ஓடும் நேரத்தில் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாமே என்றால், வங்கி வழங்கிகள் பலவற்றுக்கு வெளி இணையத் தொடர்பே கிடையாது.

சரி, ஒரு நிரல் தொடும் உறுப்புகள் எத்தனை? இருபது, ஐம்பது, மிஞ்சினால் நூறு. மற்ற பல்லாயிரம் வகைகள் அதற்கு வேண்டாதவை. கின்வோக் நிறுவனத்தின் மவுரிசியோ வாஸ்கெஸ், டினோகோ, எலாஸ்டிக் நிறுவனத்தின் லொரென்சோ ஃபோன்டானா, லியோனார்டோ டி டொனாடோ ஆகியோர் சேர்ந்து முன்மொழிந்த கருவி இந்த எண்ணத்திலிருந்து பிறந்தது. மெகாபைட் கோப்பு சில கிலோபைட்டாகிவிடும். ஆயிரம் கர்னல்களுக்கானதும் ஒரே பொதியில் அடங்கும்.

மீளாய்வில் மாறியவை

முதல் வடிவம் கத்தரிக்கும் வேலையை லிப்பிபிஎஃப் நூலகத்தின் பொது இடைமுகமாகவே வைத்திருந்தது. நூலகத்தைப் பராமரித்த நக்ரைகோ இதை ஏற்கவில்லை. நூலகத்தில் ஓர் இடைமுகத்தைச் சேர்த்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது. உலகெங்கும் உள்ள நிரல்கள் அதை நம்பத் தொடங்கிவிடும். மேலும் கத்தரிப்பது ஓடும் நேரத்து வேலை அன்று, தயாரிப்பு நேரத்து வேலை. மூன்றாம் வடிவத்திலிருந்து அது 'பிபிஎஃப்டூல்' என்ற கட்டளைக் கருவிக்கு இடம்பெயர்ந்தது. நூலகத்தின் உள்ளே இருக்கும் பொருத்தும் தருக்கத்தைக் கருவி நேரடியாக அழைக்கும்படி அமைத்தார்கள். மீளாய்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் இதுவே முக்கியமானது என்பது என் கருத்து. கருவி தனக்கென ஒரு பொருத்தும் தருக்கத்தை எழுதியிருந்தால், என்றாவது ஒருநாள் நூலகம் ஒன்றைத் தேட, கருவி வேறொன்றை வெட்டியிருக்கும்.

அடுத்தது, எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி. இரயில் முன்பதிவுப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்தில் ஏறும் ஒரு குடும்பத்தின் நான்கு பெயர்கள் மட்டும் வேண்டும் என்று மற்ற பெயர்களை அடித்துவிடலாம். ஆனால் 37ஆம் படுக்கை 37ஆம் படுக்கையாகவே இருக்க வேண்டும். மீதமுள்ளவர்களை 1, 2, 3 என்று புதிதாக எண்ணக் கூடாது. கட்டமைப்பின் உறுப்புகளை நீக்கும்போது, எஞ்சிய உறுப்பின் இடமும் கட்டமைப்பின் மொத்த அளவும் பழையபடியே நிற்க வேண்டும். வகைகளின் வரிசை எண்களுக்கு நேர்மாறான விதி. அவை 1இலிருந்து இடைவெளியின்றி ஓட வேண்டும். எனவே நீக்கியபின் எல்லாவற்றையும் மறுபடி எண்ணி, ஒரு வகை இன்னொன்றைச் சுட்டும் ஒவ்வோர் இடத்தையும் புதிய எண்ணுக்கு மாற்ற வேண்டும். பெயர்கள் சேமிக்கப்பட்டுள்ள பகுதிக்கும் இதே கதி. ஒரே கோப்பில் மாறக் கூடாத எண்களும் மாறியே தீர வேண்டிய எண்களும் கலந்திருப்பதுதான் மீளாய்வாளர்களின் கண்ணை உறுத்தும் இடம்.

சுட்டிகள் இன்னொரு சிக்கல். செயல்முறைக் கட்டமைப்பு நினைவகக் கட்டமைப்பைச் சுட்டும். அது கோப்பைச் சுட்டும். கோப்பு கோப்பு முறைமையைச் சுட்டும். ஒவ்வொரு சுட்டியையும் பின்தொடர்ந்தால் பாதிக் கர்னல் உள்ளே வந்துவிடும், கத்தரித்ததற்குப் பொருளே இருக்காது. இறுதி வடிவம் எடுத்த முடிவு இது: நிரல் ஓர் உறுப்பை மட்டும் நாடினால், அது சுட்டியாக இருந்தாலும் அதற்கு அப்பால் செல்ல வேண்டாம். சுட்டப்பட்ட வகை வேறு காரணத்தால் குறிக்கப்படாவிட்டால், அதன் எண் 0 ஆகிவிடும்; வகைத்தகவல் மொழியில் 0 என்றால் வெற்று வகை. வகை முழுவதையும் நாடும் நிரல்களுக்கு மட்டும் சுட்டிகள் பின்தொடரப்படும். எவை தேவை என்று குறித்துவைக்கக் கையாண்ட உத்தியும் எளிமையானது. தனியே பட்டியல்கள் கட்டாமல், வகைத்தகவலின் ஒரு நகலை எடுத்து, தேவையான வகையின் பெயர்ப் புலத்தில் இருக்க முடியாத ஒரு பெரிய எண்ணை எழுதிவிடுவது. பள்ளியில் வருகைப் பதிவேட்டின் நகலில் சிவப்பு மையால் வட்டமிடுவது போல.

வெட்டியது சரிதான் என்று எப்படி உறுதி செய்வது? கோ-ரீ முறைக்கு ஏற்கெனவே விரிவான சோதனைத் தொகுதி ஒன்று கர்னலில் இருந்தது. அந்தச் சோதனைகளையே எடுத்து, முழு வகைத்தகவலுக்குப் பதில் கத்தரித்த கோப்பைக் கொடுத்து மீண்டும் ஓட்டும் சோதனையும் இறுதித் தொடரில் சேர்க்கப்பட்டது. விடை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏழு பகுதிகளாக வந்த அந்தத் தொடரில், படிப்பதற்கு மிகச் சலிப்பான பகுதி இதுதான். பயன் அதிகமுள்ள பகுதியும் இதுவே.

ஏற்கப்பட்ட பின்

சில மாதங்களிலேயே கருவிக்கு அடுத்த வேலை வந்தது. 2022இல் டேனியல் முல்லர், இரு வகைகள் உறுப்புக்கு உறுப்பு பொருந்துகின்றனவா என்று கேட்கும் புதிய குறிப்பை லிப்பிபிஎஃப்பில் சேர்த்தார். அதுவரை கட்டமைப்பின் உறுப்புகளை வேண்டாதவை என்று நீக்கிவந்த கருவிக்கு இது ஒரு பொறி. முழுக் கோப்பில் 'பொருந்துகிறது' என்று வரும் விடை, கத்தரித்த கோப்பில் 'பொருந்தவில்லை' என்று வந்துவிடும். ஆகவே புதிய குறிப்பைக் கண்டால் அந்த வகையின் எல்லா உறுப்புகளையும் தக்கவைக்கும் தனி வழி பிபிஎஃப்டூலில் எழுதப்பட்டது. அதுவரை கருவி அறியாதிருந்த 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற வகைக்கும் அதே தொடரில் இடம் தரப்பட்டது. 64 பிட் எண்ணுருக்களுக்கான வகை வந்தபோது அதுவும் குறிக்கப்பட வேண்டியவற்றுள் சேர்ந்தது.

இதனைப் பயில விரும்பும் மாணவர் தொடங்க வேண்டிய இடம் கர்னல் மூலத்தின் 'டூல்ஸ்' அடைவில் உள்ள பிபிஎஃப்டூலின் 'ஜென்' கோப்பு. சி மொழியில் கட்டமைப்பும் சுட்டியும் தெரிந்திருந்தால் போதும். கத்தரிக்கும் பகுதியை ஒரு மாலையில் படித்துவிடலாம். அதன் பிறகு உபுண்டு 20.04 போன்ற பழைய கணினி ஒன்றில், களஞ்சியத்திலிருந்து எடுத்த முழுக் கோப்பையும் அதிலிருந்து தாமே கத்தரித்த கோப்பையும் பிபிஎஃப்டூலாலேயே உரையாக விரித்து, ஒரே கட்டமைப்பின் அளவும் உறுப்பின் இடமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.